இமை மூடுதல்: ஹிரோஷிமாப் பெண்களும் தழும்புச் சீரமைப்பும்

1955 மே 11ஆம் தேதி இரவு, அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் ‘இதுதான் உங்கள் வாழ்க்கை’ என்ற நிகழ்ச்சி ஒளிபரப்பானது. ஒருவரை முன்னறிவிப்பின்றி மேடைக்கு அழைத்து வந்து, அவருடைய பழைய ஆசிரியர், நண்பர், உறவினர் என ஒவ்வொருவராக வரவழைத்துக் கண்கலங்க வைப்பது அதன் வழக்கம். அன்றைக்கு அழைக்கப்பட்டவர் ஹிரோஷிமாவைச் சேர்ந்த கியோஷி தனிமோட்டோ என்ற கிறித்தவப் போதகர். அணுகுண்டிலிருந்து உயிர் பிழைத்தவர். ஜான் ஹெர்சி 1946இல் எழுதிய ‘ஹிரோஷிமா’வில் வரும் ஆறு பேரில் ஒருவர். அவரோடு கைகுலுக்க மேடைக்கு வந்தவர்களில் ராபர்ட் லூயிஸும் இருந்தார். குண்டு போட்ட எனோலா கே விமானத்தின் துணை விமானி அவர். நிகழ்ச்சியின் ஒரு கட்டத்தில் இரண்டு ஜப்பானிய இளம் பெண்கள் ஒரு திரைக்குப் பின்னால் நிழலுருவங்களாக நின்றார்கள். அவர்களுக்குச் சங்கடம் நேரக் கூடாது என்பதால் முகத்தைக் காட்டவில்லை என்று தொகுப்பாளர் ரால்ஃப் எட்வர்ட்ஸ் விளக்கினார். இடையில் விளம்பரமும் வந்தது. புரவலர் ஹேசல் பிஷப் என்ற அழகுசாதன நிறுவனம். எளிதில் அழியாத நகப்பூச்சு வேண்டுமா என்று கேட்டுவிட்டு மீண்டும் ஹிரோஷிமாவுக்குத் திரும்பினார்கள்.

(ஹேசல் பிஷப் என்பது கற்பனைப் பெயரில்லை. உதட்டில் ஒட்டி நிற்கும் சாயத்தைக் கண்டுபிடித்த வேதியியலாளர் அவர். அந்த நிகழ்ச்சி ஒளிபரப்பாகும் முன்பே, 1954இல், தன் பெயரிலான நிறுவனத்தைத் தன் விளம்பரக் கூட்டாளியிடம் இழந்துவிட்டார். இதை எழுத இன்னொரு கட்டுரை வேண்டும்.)

திரைக்குப் பின்னே நின்ற இருவரும், முகத்திலும் கைகளிலும் இருந்த தீக்காயத் தழும்புகளைச் சீரமைத்துக்கொள்ள நியூயார்க் வந்த இருபத்தைந்து பெண்களில் இருவர். வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அமெரிக்கப் பத்திரிகைகள் அவர்களை ‘ஹிரோஷிமாக் கன்னியர்’ என்றன. அந்தத் திரை யாருடைய சங்கடத்தை மறைத்தது என்ற கேள்வியோடுதான் இந்த வரலாற்றை நான் படிக்கத் தொடங்கினேன். ஆனால் படிக்கப் படிக்க வேறொன்று என்னைப் பிடித்துக்கொண்டது. தழும்புச் சீரமைப்பால் ஒரு பெண்ணுக்கு என்ன நன்மை என்று கேட்டால், அந்த இருபத்தைந்து பேர் ஒரு பதில் வைத்திருந்தார்கள். அவர்களைச் சுற்றி நின்றவர்கள் இன்னொன்று வைத்திருந்தார்கள்.

பத்தாண்டு பின்னால் போக வேண்டும். 1945இல் அமெரிக்க விமானங்கள் ஜப்பானிய நகரங்களை ஒவ்வொன்றாக எரித்துக்கொண்டிருந்தன. நெருப்பு பரவாமலிருக்கத் தெருத் தெருவாக வீடுகளை இடித்து வெற்றிடம் உண்டாக்கும் வேலை ஹிரோஷிமாவில் நடந்தது. ஆண்கள் போருக்குப் போய்விட்டதால் அந்த வேலைக்குப் பள்ளிப் பிள்ளைகளை இறக்கியிருந்தார்கள். ஆகஸ்ட் 6ஆம் தேதி காலை 8.15 மணிக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுச் சிறுமிகள் ஓடு பொறுக்கிக்கொண்டும் வரிசையில் நின்று கை மாற்றிக்கொண்டும் வெட்டவெளியில் இருந்தார்கள். விமானச் சத்தம் கேட்டு நிமிர்ந்து பார்த்தவர்களுக்கு முகத்திலும் கழுத்திலும், கண்ணைப் பொத்தியவர்களுக்குப் புறங்கையிலும் தீ பாய்ந்தது. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அன்றும் அடுத்தடுத்த நாள்களிலும் இறந்தார்கள். ஷிகேகோ நிமோட்டோவுக்கு அப்போது வயது 13; நிமிர்ந்து பார்த்தவர்களில் ஒருவர். மிச்சிகோ யமாவோகாவுக்கு 15 வயது. தொலைபேசி நிலையத்துக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். இடிபாட்டுக்குள் கிடந்த அவரைத் தேடி வந்து மீட்டவர் அவருடைய தாய்.

பிழைத்தவர்களின் காயம் ஆறியது. ஆறிய பிறகுதான் துன்பத்தின் இரண்டாவது பாகம் தொடங்கியது. தீக்காயம் சுருங்கித்தான் ஆறும். தோல் ஆழமாக வெந்துபோன இடத்தில் உடல் சுற்றியுள்ள தோலை இழுத்து மூடப் பார்க்கும். கழுத்து வெந்திருந்தால் முகவாய் நெஞ்சோடு ஒட்டிக்கொள்ளும். கன்னம் வெந்திருந்தால் கீழ் இமை வெளிப்புறமாகப் பிதுங்கும். கண்ணை மூட முடியாது, தூக்கத்திலும் திறந்தே கிடக்கும், தூசி விழும், கருவிழி காயும். வாயோரம் இழுபட்டால் சோறு ஒழுகும். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி வாத்தின் பாதம் போலாகும். இவற்றுக்கு மேல் கெலாய்டு வேறு. காயத்தின் எல்லையையும் தாண்டித் தடித்து வளர்ந்து, சிவந்து, அரித்துக்கொண்டே இருக்கும் தழும்பு அது. ஹிரோஷிமாவில் 1946, 47ஆம் ஆண்டுகளில் அது உச்சத்தில் இருந்தது. அப்போது வெட்டியெடுத்தவர்களில் பலருக்கு அது முன்னைவிடப் பெரிதாகவே திரும்ப வந்தது. வெட்டுவதே ஒரு புதுக் காயம் என்பதால், கெலாய்டை வெட்டுகிறவர்கள் இன்றைக்கும் அத்தோடு விடுவதில்லை. ஸ்டீராய்டு ஊசி, அழுத்த உடை, சிலிக்கோன் தகடு என்று கூடவே ஏதாவது வைப்பார்கள்.

வீடுகளில் கண்ணாடிகளை ஒளித்து வைத்தார்கள். பெண்பிள்ளைகள் வெளியே வருவதை நிறுத்தினார்கள். சிலர் பகலில் தெருவில் இறங்காமலே இருபது வயதை எட்டினார்கள்.

இவர்களைப் பரிசோதிக்க ஓர் அமைப்பு இருந்தது. அமெரிக்கா நிறுவிய அணுகுண்டுச் சேதக் குழு 1947 முதல் ஹிரோஷிமாவில் வேலை செய்தது. பாதிக்கப்பட்டவர்களை அழைத்து வந்து, ஆடை களைந்து, படம் எடுத்து, இரத்தம் எடுத்து, அளந்து, திருப்பி அனுப்பியது. சிகிச்சை அளிப்பதில்லை என்பது அதன் கொள்கை. பதின்ம வயதுப் பெண் ஒருத்தி அந்நிய ஆண்களின் முன் நின்றது ஆய்வுக்காக. அவள் இமைக்காக யாரும் கத்தியை எடுக்கவில்லை. 1951இல் கையெழுத்தான சான் பிரான்சிஸ்கோ உடன்படிக்கையில் ஜப்பான் போர் தொடர்பான இழப்பீட்டுக் கோரிக்கைகளைக் கைவிட்டது. ஜப்பானிய அரசு அணுகுண்டால் பாதிக்கப்பட்டோர்க்கான மருத்துவச் சட்டத்தைக் கொண்டுவந்தது 1957இல்தான். நடுவில் பன்னிரண்டு ஆண்டுகள்.

அந்த இடைவெளியில்தான் தனிமோட்டோ தன் தேவாலயத்தில் இப்பெண்களை ஒன்றுகூட்டத் தொடங்கினார். வீட்டுக்குள் ஒவ்வொருத்தியும் தான் மட்டுமே இப்படி என்று நினைத்திருந்தவர்கள். கூடியபோது தையல் செய்தார்கள், பேசினார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பின்னால் நடந்த எல்லாவற்றையும்விட இந்தக் கூடுகை எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஷிசுயே மசுகி என்ற பெண் எழுத்தாளர் 1952இல் இவர்களுக்காக எழுதி, நிதி திரட்டி, சிலரை டோக்கியோவுக்கு அழைத்துச் சென்று சிகிச்சை பெற வைத்தார். ஒசாகாவிலும் சிலருக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. அமெரிக்கப் பயணத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் மசுகியை ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஜப்பானியப் பத்திரிகைகள் இப்பெண்களுக்கு ‘கென்பாகு ஒட்டோமே’ என்று பெயர் வைத்தன. அணுகுண்டுக் கன்னியர். மணமாகாதவர்கள் என்பது அந்தப் பெயரிலேயே இருந்தது.

பெயர் என்றதும் ஒரு தமிழாசிரியையாக என் மனம் நம் சொற்களுக்குத் தாவுகிறது. ‘வடு’ என்றால் தழும்பு. பழி, குற்றம் என்றும் பொருள். (மாவடுவும் வடுதான், அதை இங்கே விட்டுவிடலாம்.) உடம்பில் உள்ள குறியும் ஒழுக்கத்தில் உள்ள குறையும் ஒரே சொல்லில் குடியிருக்கின்றன. ஆனால் ஆணுக்கு இதிலிருந்து ஒரு விலக்கு உண்டு. போரில் நெஞ்சிலும் முகத்திலும் பட்டது விழுப்புண். திருக்குறளின் 776ஆம் குறள், விழுப்புண் படாத நாளையெல்லாம் வீணான நாளாக எண்ணும் வீரனைச் சொல்கிறது. வெண்ணிப் போரில் கரிகாலனிடம் புறப்புண் பட்ட சேரமான் பெருஞ்சேரலாதன் நாணி வடக்கிருந்தான். அவனே உன்னிலும் நல்லவன் என்று கரிகாலனிடமே பாடியவர் வெண்ணிக் குயத்தியார் என்ற பெண். காக்கைபாடினியார் நச்செள்ளையாரின் பாட்டில், மகன் புறமுதுகிட்டான் என்று கேள்விப்பட்ட முதிய தாய், அது உண்மையானால் அவன் பாலுண்ட முலையை அறுத்தெறிவேன் என்கிறாள். களத்தில் அவன் சிதைந்து கிடக்கும் நிலையைக் கண்டு, பெற்ற நாளைவிட மகிழ்கிறாள். புறத்திணையில் காயத்துக்குப் பொருள் சொல்பவர்களில் பெண்களும் இருக்கிறார்கள். ஆனால் பெண்ணின் உடம்பில் பட்ட காயத்துக்கு விழுப்புண் போன்ற ஒரு சொல்லை நான் அங்கே காணவில்லை.

பெண்ணுக்குக் கிடைத்தது சூர்ப்பணகையின் காயம். கம்பனில் அவளுக்கு மூக்கும் காதும் முலைக்காம்புகளும் போகின்றன. மூக்கறுப்பு தண்டனையாக இருந்த இந்த நாட்டில்தான் மூக்கை ஒட்டுப்போடும் கலையும் வளர்ந்தது. சுசுருதர் அதற்குக் கன்னத்துத் தோலைப் பயன்படுத்தச் சொன்னார். புனே பகுதியில் நெற்றித் தோலை மடித்து மூக்கு செய்வதைப் பற்றி 1794இல் லண்டனின் ‘ஜென்டில்மென்ஸ் மேகசின்’ வெளியிட்ட குறிப்பு, ஐரோப்பாவில் அந்த முறையைப் பரப்பியது. அதில் வரும் நோயாளி, ஆங்கிலேயப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய ஓர் ஆண். மூக்கறுக்கப்பட்ட மனைவிமார்கள் எத்தனை பேர் அந்தக் கைவினைஞரிடம் போனார்களோ, படம் வரையப்பட்டது அவனுக்குத்தான்.

நவீன அழகுச் சீரமைப்பு அறுவையியலும் ஆண்களின் போர்க் காயத்திலிருந்தே பிறந்தது. முதல் உலகப் போரில் பதுங்குகுழிக்கு மேலே தலை நீட்டி முகம் சிதைந்தவர்களுக்காக ஹரோல்டு கில்லிஸ் 1917இல் லண்டனுக்கு அருகே சிட்கப்பில் ஒரு மருத்துவமனை நடத்தினார். அங்கே 5,000க்கும் மேற்பட்ட வீரர்களுக்கு 11,000க்கும் மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகள் நடந்தன. வார்டுகளில் கண்ணாடி கிடையாது. ஊருக்குப் போகும் வழியில் சில இருக்கைகளுக்கு நீலச் சாயம் பூசி வைத்தார்கள்; அங்கே உட்கார்ந்திருப்பவர் முகத்தைக் கண்டு மிரளாதீர்கள் என்று ஊராருக்கு எச்சரிக்கை. இரண்டாம் உலகப் போரில் ஆர்ச்சிபால்ட் மெக்கின்டோ விமானம் எரிந்து வெந்துபோன விமானிகளைச் சீரமைத்தார். அவர்கள் 1941இல் ‘கினிப்பன்றிச் சங்கம்’ என்று ஒன்றை அமைத்துக்கொண்டார்கள். மெக்கின்டோ அவர்களை மதுக்கடைக்கும் நடனத்துக்கும் அனுப்பினார். வெறித்துப் பார்க்காதீர்கள் என்று ஊராரிடம் பேசினார். ஈஸ்ட் கிரின்ஸ்டெட் வெறித்துப் பார்க்காத ஊர் என்று பெயர் வாங்கியது. அந்த விமானிகளின் மனைவிமார், காதலியர் பற்றி யாரும் கவலைப்படாமலில்லை. ஆனால் சங்கத்துக்கு ‘மணமாகாத ஆடவர்’ என்று யாரும் பெயர் வைக்கவில்லை.

ஹிரோஷிமாவுக்குத் திரும்புவோம். ‘சாட்டர்டே ரிவ்யூ’ இதழின் ஆசிரியர் நார்மன் கசின்ஸ் 1953இல் இப்பெண்களைச் சந்தித்தார். அமெரிக்காவுக்கு அழைத்துச் செல்ல முயன்றபோது பல அறக்கட்டளைகள் கைவிரித்தன. வெளியுறவுத் துறைக்கோ வேறு பயம்: குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவோ இழப்பீடு தந்ததாகவோ உலகம் எடுத்துக்கொண்டால்? கடைசியில் நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனை படுக்கைகளைத் தந்தது. ஆர்தர் பார்ஸ்கி, பெர்னார்டு சைமன், சிட்னி கான் ஆகிய அறுவை மருத்துவர்கள் கட்டணமின்றிச் செய்ய முன்வந்தார்கள். குவேக்கர் குடும்பங்கள் வீட்டில் தங்க வைக்க ஒப்புக்கொண்டன. 1955 ஏப்ரலில் பார்ஸ்கியும் வில்லியம் ஹிட்சிக் என்ற மருத்துவரும் ஹிரோஷிமா வந்து 43 பேரைப் பார்த்து 25 பேரைத் தேர்ந்தார்கள். மே 5ஆம் தேதி ஓர் அமெரிக்க இராணுவ விமானத்தில் அவர்கள் புறப்பட்டார்கள். மொழிபெயர்க்கவும் பெண்களுக்குத் துணையிருக்கவும் ஹெலன் யோகோயாமா கூடப் போனார்.

பார்ஸ்கி குழுவின் தேர்வு பற்றி ஒன்றைக் கவனிக்க வேண்டும். முன்னிருந்த முகத்தைத் திருப்பித் தர முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும். எங்கே கத்தி வைத்தால் ஏதாவது நகரும், மூடும், மடங்கும் என்று பார்த்தார்கள். ஆங்கிலத்தில் இந்தச் சிகிச்சைக்கு உள்ள பெயரிலும் ‘திருத்தம்’தான் இருக்கிறது, அழிப்பு இல்லை. ஒரு தழும்பின் இடத்தில் இன்னொரு தழும்பு வரும், ஆனால் அது மெலிந்ததாக, தோலின் இயல்பான மடிப்போடு போவதாக, எதையும் இழுத்துப் பிடிக்காததாக இருக்கும். கழுத்தையோ விரலிடுக்கையோ கயிறாகக் கட்டிப்போட்டிருக்கும் தழும்பை ‘இசட்’ எழுத்தின் வடிவில் கீறி, இரண்டு முக்கோணத் தோல்களையும் இடம் மாற்றித் தைத்தால் இழுவையின் திசை மாறி நீளம் கூடும். தோலே போதாத இடத்தில் இறுக்கத்தை வெட்டித் தளர்த்திவிட்டு, தொடையிலிருந்தோ வயிற்றிலிருந்தோ எடுத்த தோலை ஒட்டுவார்கள். தடிமனான தோல் வேண்டுமென்றால் ஒரே நாளில் முடியாது. வயிற்றுத் தோலை ஒரு பக்கம் ஒட்டியிருக்கும்படியே உரித்துக் குழாயாகச் சுருட்டி, மறுமுனையைக் கையில் தைத்து, இரத்த ஓட்டம் பிடித்தபின் வயிற்றிலிருந்து அறுத்து, அந்தக் கையை முகத்தருகே வைத்துக் கட்டி, வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கில்லிஸ் சிட்கப்பில் பயன்படுத்திய வழி இது. இதற்குப் பின்னும் உடற்பயிற்சி, கட்டு, மீண்டும் கத்தி.

ஒன்றரை ஆண்டில் இருபத்தைந்து பேருக்கும் சேர்த்து 138 அறுவைச் சிகிச்சைகள். பொழுதுபோக்குக்காக யாரும் இதற்கெல்லாம் படுக்கமாட்டார்கள்.

பலன் என்ன? பத்தாண்டு மூடாத கண்கள் மூடின. நெஞ்சோடு கிடந்த முகவாய் நிமிர்ந்தது. உதடுகள் சேர்ந்தன. விரல் பிரிந்த கைகள் பேனாவையும் குச்சிகளையும் பிடித்தன. இவற்றைச் சிறிய பலன் என்று சொல்கிறவர் ஒரு நாள் இமையைப் பிளாஸ்திரியால் திறந்து ஒட்டிக்கொண்டு தூங்கிப் பார்க்கட்டும். இவற்றுக்கு மேலே இன்னொன்றும் நடந்தது: அவர்கள் வெளியே போனார்கள். சிகிச்சைக்கு இடைப்பட்ட மாதங்களில் குவேக்கர் வீடுகளில் பாத்திரம் துலக்கினார்கள், ஆங்கிலம் கற்றார்கள், ரயிலில் போனார்கள், கடைக்குப் போனார்கள். அந்த விருந்தோம்பலில் அமெரிக்காவின் குற்றவுணர்வும் பெருமிதமும் கலந்திருந்தன. பனிப்போர்க் காலத்தின் நல்லெண்ண விளம்பரமாகவும் அது பயன்பட்டது. பெண்ணியவாதிகள் சிலர் இதை வைத்து அந்தத் திட்டம் முழுவதையும் ஒதுக்கிவிடுவது எனக்கு ஒப்பவில்லை. அழகு என்ற சொல்லைக் கண்டாலே சந்தேகப்படப் பழகிய நாம், அறுவை மேசையில் தானே விரும்பிப் படுத்தவளின் கணக்கையும் சேர்த்தே தள்ளிவிடுகிறோம்.

ஆபத்தும் சிறிதில்லை. 1956 மே 24 அன்று டோமோகோ நகாபயாஷி அறுவைச் சிகிச்சையை ஒட்டி இதயம் நின்று இறந்துபோனார். அணுகுண்டுக்குத் தப்பியவர், நன்மைக்காகக் கொடுத்த மயக்க மருந்திலிருந்து எழவில்லை. மற்றவர்களுக்கான சிகிச்சை தொடர்ந்தது. அடுத்து மேசையில் படுத்தவளின் மனநிலையை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். கவிதையாக எழுத முயன்று விட்டுவிட்டேன்.

குழுக்களாக அவர்கள் ஊர் திரும்பினார்கள், நகாபயாஷியின் சாம்பலோடு. பத்திரிகைகள் கேட்டது பெரும்பாலும் ஒன்றைத்தான்: கல்யாணம் ஆகுமா? யார் மணந்தார், யார் மணக்கவில்லை என்பதே திட்டத்தின் வெற்றிதோல்விக் கணக்காகிவிட்டது. இபுசே மசுஜியின் ‘கருப்பு மழை’ நாவலைப் படித்தவர்களுக்குத் தெரியும், முகத்தில் கீறல் இல்லாத பெண்ணுக்கே ஹிரோஷிமாவில் வரன் தட்டிப்போனது. கதிர்வீச்சுக்குப் பயந்து விலகியவனைத் தோலொட்டு என்ன செய்யும்? இருபத்தைந்து பேரில் சிலர் மணந்து குழந்தை பெற்றார்கள், சிலர் மணக்கவில்லை, ஒருவர் ஆடை வடிவமைப்புப் படித்துத் தொழிலாகக் கொண்டார். யமாவோகா பின்னாளில் ஹிரோஷிமாவுக்கு வரும் பள்ளிப் பிள்ளைகளிடம் தன் கதையைச் சொல்பவரானார். ஷிகேகோ நிமோட்டோவைக் கசின்ஸ் தன் மகளாக ஏற்றுக்கொண்டார். ஷிகேகோ சசாமோரி என்ற பெயரில் அமெரிக்காவில் வாழ்ந்து, செவிலியப் பணி செய்து, ஒரு மகனை வளர்த்தார். 1980இல் அணு ஆயுதங்களின் விளைவு குறித்து விசாரித்த அமெரிக்க செனட் துணைக்குழுவின் முன் முகம் காட்டி உட்கார்ந்து சாட்சி சொன்னார்.

அமெரிக்காவுக்குப் போகாதவர்களையும் சொல்ல வேண்டும். மியோகோ மட்சுபாரா, குண்டு விழுந்தபோது 12 வயது. எங்கும் வேலை கிடைக்காத அவர் பார்வையற்ற குழந்தைகளின் இல்லம் ஒன்றில் பணிபுரிந்தார். 1953இல் ஒசாகாவில் அவருக்குப் பலமுறை அறுவைச் சிகிச்சை நடந்தது. கண்ணை மூடித் திறக்கவும் விரலை நீட்டவும் முடிந்ததைத்தான் அவர் பெரிதாகச் சொன்னார். 1962இல் பார்பரா ரெனால்ட்சுடன் பல நாடுகளுக்குப் போய் அணு ஆயுதத்துக்கு எதிராகப் பேசினார். கசின்சும் ஹிட்சிக்கும் 1958இல் இன்னொரு குழுவை அமெரிக்கா கொண்டுவந்தார்கள். ராவென்ஸ்புரூக் வதைமுகாமில் நாஜி மருத்துவர்கள் கால்களைக் கீறிச் சோதனை செய்த போலந்துப் பெண்கள் 35 பேர். கரோலின் ஃபெரிடே என்ற பெண் ஓயாமல் கடிதம் எழுதியதன் பலன் அது. மருத்துவர் உண்டாக்கிய காயத்துக்கு மருத்துவரிடமே போக வேண்டியிருந்தது அவர்களுக்கு.

நம் ஊரில் பெண்களின் தீக்காயத்துக்குக் குண்டு தேவைப்படவில்லை. மண்ணெண்ணெய் ஸ்டவ் போதுமானதாக இருந்தது. ‘ஸ்டவ் வெடிச்சிருச்சு’ என்ற ஒரே வாக்கியத்தை மரண வாக்குமூலமாகச் சொல்லிவிட்டுப் போன பெண்களின் தலைமுறை ஒன்று இருக்கிறது. 1983இல் 498ஏ பிரிவும் 1986இல் 304பி பிரிவும் வந்ததற்குப் பின்னே அவர்கள் இருக்கிறார்கள். செத்தவர்களைப் பற்றி நாம் ஓரளவு எழுதியிருக்கிறோம். கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் தீக்காயப் பிரிவு போன்ற இடங்களிலிருந்து உயிரோடு வீடு திரும்பியவர்களைப் பற்றி அவ்வளவாக எழுதவில்லை. ஹிரோஷிமாவின் வீடுகளைப் போலவே இங்கும் கண்ணாடி மறைந்தது, ஜன்னல் மூடியது.

அமிலம் வீசப்பட்ட பெண்களின் வழக்கில்தான் இந்தியச் சட்டம் சீரமைப்பு என்ற சொல்லை நேராகப் பார்த்தது. லட்சுமி தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013இல் குறைந்தது 3 லட்சம் ரூபாய் இழப்பீடு என்றது. 2015 ஏப்ரலில், தனியார் மருத்துவமனைகளும் அமிலத் தாக்குதலுக்கு உள்ளானவர்களுக்கு இலவச முழுச் சிகிச்சை தர வேண்டும் என்றும், அதில் மறுசீரமைப்பு அறுவைச் சிகிச்சையும் அடங்கும் என்றும் தெளிவுபடுத்தியது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் அவர்களையும் தன் பட்டியலில் சேர்த்தது. அடுப்பில் வெந்தவளுக்கு இந்த வழியில்லை. மருத்துவக் காப்பீட்டு விதிகளில் அழகுக்கான அறுவைச் சிகிச்சைக்குப் பணம் கிடையாது. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிந்தைய மறுசீரமைப்புக்கு உண்டு. மருத்துவத் தேவை என்று சிகிச்சை தரும் மருத்துவர் சான்று கொடுத்தால் வேறு சீரமைப்புக்கும் உண்டு. படிக்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கன்னத்தில் வெறும் தடிப்பாக மட்டும் இருக்கும் தழும்பு எந்தப் பக்கம்? அது இமையை இழுக்கவில்லை, வாயை இழுக்கவில்லை. அவளை வீட்டுக்குள் மட்டும் இழுத்துப் பிடித்திருக்கிறது. இந்த இடத்தில் மருத்துவரின் பேனா அவள் வாழ்க்கையைத் தீர்மானிக்கிறது. அவளே கேட்டுப் பெற வேண்டியிருப்பதால், கேட்கும் விதம் தெரிந்திருப்பது நல்லது. தழும்பு முதிர ஓராண்டு வரை பொறுக்கச் சொல்வார்கள். இமை, கழுத்து போன்ற இடங்களில் இழுவை கடுமையாக இருந்தால் அவ்வளவு காலம் காக்கத் தேவையில்லை. கெலாய்டு வளரும் உடல்வாகா என்று முதலிலேயே பேசிவிட வேண்டும்.

என் வகுப்பில் ஒரு மாணவி எப்போதும் வலது ஓரத்தில்தான் உட்காருவாள். ஆறு வயதில் கொதிக்கும் குழம்பு கொட்டி, கழுத்தும் ஒரு முழங்கையும் சுருங்கிப்போனவள். இடது பக்கம் மட்டுமே அவளால் திரும்ப முடியும் என்பதால் அந்த இடம். புறநானூறு நடத்திக்கொண்டிருந்தபோது, “மேடம், அடுப்படியில பட்டதுக்கு என்ன பேரு?” என்று கேட்டாள். வகுப்பில் சிலர் சிரித்தார்கள்; அவளும் சிரித்தாள். இரண்டாம் ஆண்டு முடிவில் அரசு மருத்துவமனையில் அவளுக்குக் கழுத்துத் தழும்பைத் தளர்த்தித் தொடைத் தோல் வைத்தார்கள். பார்க்கப் போயிருந்தேன். அவள் அம்மாவுக்கு ஏமாற்றம். ஒட்டுப்போட்ட இடம் நிறம் மாறித் திட்டாகத் தெரிகிறதே, நாளைக்குப் பெண் பார்க்க வருபவர்கள் என்ன சொல்வார்கள் என்று என்னிடமே கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் படுக்கையிலிருந்து சொன்னாள்: “அம்மா, பஸ்ல யாரு பின்னாடி நிக்கிறான்னு இனிமே நான் திரும்பிப் பாத்துக்குவேன்ல.” முழங்கைக்கான அறுவைச் சிகிச்சைக்கு இந்த மே விடுமுறையில் நாள் கேட்டிருக்கிறாள்.